கடலில் ஓங்கிலைப் படம் பிடித்தல்

ஷாதிபூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்து போவது வழக்கம். அவர்கள் திரும்பும்போது கைப்பேசி நிறையப் படங்களோடு செல்வார்கள். செல்லுலர் சிறையும், ராதாநகர்க் கடற்கரையும், பவளப் பாறைகளும் அப்படங்களில் தெளிவாக விழுந்திருக்கும். அவற்றின் நடுவே வெறும் நீர்ப்பரப்பும் அதில் ஒரு கரும்புள்ளியுமாக நாலைந்து படங்கள் இருக்கும். “இது என்ன?” என்று கேட்டால், “டால்பின்! கப்பலோடு கூடவே வந்தது, எடுப்பதற்குள் மறைந்துவிட்டது” என்று விடை வரும்.

அந்தக் கரும்புள்ளி தெளிவாக விழுந்திருந்தால், அது கண்ணுக்கினிய காட்சியாக மட்டும் நில்லாமல் ஓர் ஆவணமாகவும் ஆகியிருக்கும். கடலில் வாழும் டால்பின்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியவும், அவை எத்தனை என்று கணக்கிடவும், இன்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர் நம்பியிருப்பது ஒளிப்படத்தையே. ஆகவே டால்பினைப் படம் பிடிப்பது எப்படி என்பதோடு, பிடித்த படத்தை எந்த அளவுக்குச் செப்பனிடலாம், எந்த எல்லைக்கு அப்பால் செப்பனிடக் கூடாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கடலில் உலவுபவை

டால்பினைத் தமிழில் ஓங்கில் என்பர். இது மீன் அன்று. நம்மைப் போலக் காற்றை மூச்சாக இழுத்து, குட்டி ஈன்று பாலூட்டும் உயிர். ஆகவே எவ்வளவு ஆழம் சென்றாலும் மூச்சு விடுவதற்கு மேலே வந்தே தீரவேண்டும். படம் எடுப்பவனுக்கு வாய்ப்புத் தருவது இந்த ஒரு கட்டாயமே.

அந்தமான் கடலில் காணப்படும் இனங்கள் பல. கரையோரத்து ஆழமற்ற நீரில் இந்தோ-பசிபிக் புட்டிமூக்கு டால்பின் உலவுகிறது. நீரைவிட்டு எழும்பிப் பம்பரம்போல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு விழும் சுழல் டால்பினும், வளர்ந்தபின் உடலெங்கும் புள்ளிகள் படரும் புள்ளி டால்பினும் ஆழ்கடல் ஓரங்களில் கூட்டமாகத் திரிகின்றன. திமிங்கிலம் என்று பெயர் பெற்றிருந்தாலும் டால்பின் குடும்பத்தையே சேர்ந்த பைலட் திமிங்கிலமும் இங்கு உண்டு.

பீனிக்ஸ் பே துறையிலிருந்து சுவராஜ் தீவுக்குச் செல்லும் கப்பலில் ஏறி, மேல்தளத்தில் நிற்பவருக்குச் சில நாள் இவற்றுள் ஒன்று கண்ணில் படும். முன்பு ஹேவ்லாக் எனப்பட்ட தீவே 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு ஆயிற்று. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பழைய படக் குறிப்புகளையும் புதியவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர் இரு பெயர்களையும் நினைவில் வைத்தல் நலம்.

துடுப்பு என்னும் கையெழுத்து

மனிதரை முகத்தால் அறிகிறோம். டால்பினை முதுகுத் துடுப்பால் அறியலாம். மூச்சு விட வரும் டால்பினின் தலை ஒரு நொடியில் மறைந்துவிடும். அதன்பின் முதுகு வளைந்து எழும்போது, முதுகின் நடுவிலுள்ள துடுப்பு முழுவதும் நீருக்கு மேலே தெரியும். அத்துடுப்பில் எலும்பு இல்லை. உறுதியான நாரிழையத்தால் ஆனது அது. அதன் பின்னோரம் மெல்லியது. பிற டால்பின்களின் பற்கள், சுறாவின் கடி, மீன்வலை, படகின் விசிறி ஆகியவற்றால் அவ்வோரத்தில் வெட்டுகள் விழுகின்றன. ஒருமுறை அறுந்துபோன ஓரம் மீண்டும் வளர்ந்து நிரம்புவதில்லை. ஆகவே வெட்டுகளின் எண்ணிக்கையும், இடமும், வடிவமும் சேர்ந்து அவ்வுயிரின் கையெழுத்தாக அமைகின்றன. தோலின்மேல் உள்ள பற்கீறல்கள் அப்படியல்ல; அவை காலப்போக்கில் மங்கி மறையக்கூடியவை. இளங்குட்டிகளின் துடுப்போ பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும்.

இவ்வுண்மை புதிதன்று. 1955-ஆம் ஆண்டிலேயே டேவிட் கால்டுவெல் என்னும் அமெரிக்கர், புளோரிடாக் கடலில் துடுப்புக் குறியால் அறியப்பட்ட ஒரு டால்பினைப் பற்றி எழுதினார். 1970-களில் அர்ஜென்டினாக் கடற்கரையில் பெர்ண்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் என்னும் தம்பதியர் துடுப்புப் படங்களைக்கொண்டே ஒரு டால்பின் கூட்டத்தின் அளவையும் அமைப்பையும் ஆராய்ந்து, 1977-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். புளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் 1970-இல் தொடங்கிய ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது; தாய், மகள், பேத்தி எனப் பல தலைமுறைகள் அங்கே தனித்தனியே அறியப்பட்டுள்ளன.

கானடாவின் மேற்குக் கடலில் நடந்தது நமக்கு நல்ல பாடம். அங்குள்ள ஓர்க்கா என்னும் கொல்திமிங்கிலமும் டால்பின் குடும்பத்தினதே. அது ஆயிரக்கணக்கில் உள்ளது என்று எல்லோரும் நம்பியிருந்தனர். காட்சிசாலைகளுக்காக அதைப் பிடித்து விற்றும் வந்தனர். 1970-களில் மைக்கேல் பிக் என்னும் அறிஞரும் அவர் துணைவர்களும் துடுப்பையும் அதன் பின்னுள்ள வெளிறிய திட்டையும் படம் பிடித்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டனர். இருந்தவை சில நூறே என்பது உறுதியாயிற்று. எண்ணாதவரை எல்லாம் ஏராளமாகவே தோன்றும்.

நம் நாட்டிலும் இம்முறை பயன்பட்டுள்ளது. ஒடிசாவின் சிலிகா ஏரியிலுள்ள ஐராவதி டால்பின்களைத் திபானி சுதாரியா என்னும் ஆராய்ச்சியாளர் ஒளிப்படங்களால் இனங்கண்டு, அவை ஏறத்தாழ 110 இருக்கலாம் என்று கணக்கிட்டார். அக்கட்டுரை 2011-இல் வெளிவந்தது.

எண்ணும் கணக்கு

மேலெழுந்து மறையும் உயிர்களை எப்படி எண்ண முடியும்? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம்.

முதல் பயணத்தில் 20 டால்பின்களின் துடுப்புகளைத் தெளிவாகப் படம் பிடித்தோம் என்க. சில நாள் கழித்து இரண்டாம் பயணத்தில் 24 டால்பின்களைப் பிடித்தோம். இரண்டு தொகுதிகளையும் ஒப்பிட்டபோது 12 துடுப்புகள் இரண்டிலும் காணப்பட்டன. அதாவது இரண்டாம் முறை கண்டவற்றில் பாதி, முன்பே நமக்குத் தெரிந்தவை. அப்படியானால் முதலில் கண்ட 20 என்பது மொத்தக் கூட்டத்தில் பாதி என்று கொள்ளலாம், மொத்தம் 40. இருபதை இருபத்து நான்கால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தாலும் இதே விடை வரும்.

இரு பயணங்களுக்கிடையே கூட்டம் பெரிதும் மாறாதிருக்க வேண்டும். வெட்டே இல்லாத துடுப்புகளுக்குத் தனியே ஈடு கட்டவேண்டும். இவ்வாறான திருத்தங்கள் பல உண்டு. ஆயினும் கணக்கின் அச்சாணி ஒன்றே: முன்பு கண்டதை மீண்டும் காணும்போது அதுவே இது என்று அறிய வேண்டும்.

இப்போது யாரோ ஒருவர், படம் அழகாக இருக்கட்டும் என்று நான்கு துடுப்புகளின் வெட்டுகளை மழுப்பிவிட்டதாகக் கொள்வோம். அந்த நான்கும் பழையவற்றோடு பொருந்தா. பொருத்தம் 12 என்பது 8 ஆகிவிடும். கணக்குப் போட்டால் மொத்தம் 60 என்று வரும். கடலில் இல்லாத 20 டால்பின்கள் காகிதத்தில் பிறந்துவிட்டன! உண்மையில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தாலும், பெருகியிருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம். படத்தைச் செப்பனிடுவதில் நேர்மை ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

படம் எடுக்கும் முறை

முதலில் காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கடல் கொந்தளிக்கும். அலையின் நுரைக்கும் துடுப்புக்கும் வேறுபாடு தெரியாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள அமைதியான நாட்களே ஏற்றவை. நம் தீவுகள் கிழக்கே மிகத் தள்ளி இருப்பதால், இந்திய நேரப்படி உச்சிப்பொழுது பதினொன்றரை மணிக்குள்ளாகவே வந்துவிடுகிறது. சென்னையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கருவியை எடுப்பவருக்கு இளவெயில் கிட்டாது. காலை ஆறு முதல் எட்டு வரையும், பிற்பகல் மூன்றுக்குப் பின்னும் ஒளி சாய்ந்து விழும். அப்போது துடுப்பின் வடுக்கள் நன்கு புலப்படும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொள்வது நலம்.

அடுத்து ஷட்டரின் வேகம். டால்பின் நொடிக்கு 5 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். ஷட்டர் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் டால்பின் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள வெட்டு அந்த நகர்வில் கரைந்து போகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 5 மில்லிமீட்டரே, வெட்டு தப்பிவிடும். ஆகவே 1/1000 நொடியோ அதனினும் குறைவோ வேண்டும். கப்பலின் அதிர்வும் இதனால் அடங்கும். ஒளி போதாவிடில் ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறனை உயர்த்தலாம். சற்றுப் பொரிந்த படத்தில் வெட்டு தெரியும். மழுங்கிய படத்தில் எதுவும் தெரியாது.

லென்ஸ் 200 முதல் 400 மில்லிமீட்டர் வரை குவியத் தொலைவு உடையதாயின் வசதி. கைப்பேசிதான் உண்டு என்பவர் மனம் தளர வேண்டா. கப்பலின் முகப்பில் எழும் அலையில் சறுக்கி விளையாட டால்பின்கள் மிக அருகே வருவதுண்டு. அப்போது தொடர்ந்து பல படங்களாக எடுக்கலாம். கைப்பேசியின் செயற்கைப் பெருக்கத்தை மட்டும் பயன்படுத்தலாகாது. அது புதிய விவரம் எதையும் தருவதில்லை. வேண்டிய பகுதியைப் பிறகு வெட்டியெடுத்தால் போதும்.

டால்பின் தோன்றிய இடத்தை நோக்கிக் கருவியைத் திருப்புவது வீண். அது ஒரே திசையில் சீராக மூழ்கி எழும்; ஆகவே அடுத்து எழும் இடத்தை ஊகித்து அங்கே காத்திருக்க வேண்டும். தலை தெரிந்தவுடன் தொடங்கி, முதுகு மறையும்வரை தொடர்ந்து எடுக்க வேண்டும். துடுப்பு நமக்குப் பக்கவாட்டில் முழுமையாகத் தெரியும் படமே பயன்படும். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் கிடைத்தால் மிக நன்று. வெட்டு நிறைந்த துடுப்பையே தேடி எடுக்காமல், எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். இல்லாவிடில் கணக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

கடலின் உப்புக்கும் நம் தீவின் ஈரக்காற்றுக்கும் கருவிகள் எளிதில் இரையாகும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே மேல்தளத்துக்கு வந்தால் லென்ஸின்மேல் பனி படர்ந்துவிடும். கால்மணி நேரம் முன்னதாகவே கருவியைப் பையோடு வெளியே கொணர்ந்து வைத்தல் வேண்டும். உப்புத் துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்கலாகாது. நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தபின் உலர்த்த வேண்டும். துறைமுகம், கடற்படை நிலையம் ஆகியவற்றை நோக்கிப் படம் எடுக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. திறந்த கடலை அடையும்வரை கருவி பைக்குள் இருப்பதே நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குறிப்பேடு வேண்டும். நாள், நேரம், இடம், இனம், ஏறத்தாழ எத்தனை, குட்டிகள் உண்டா, எத்திசையில் சென்றன என்னும் ஏழும் எழுதப்பட வேண்டும். கருவியின் கடிகாரத்தைப் புறப்படுமுன் கைப்பேசியின் நேரத்தோடு சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நாளும் இடமும் அறியாத படம், பெயரெழுதாத விடைத்தாள் போன்றது.

செப்பனிடுதல்: தகுவதும் தகாததும்

கரை சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லாப் படங்களையும் மாற்றம் எதுவுமின்றி இரண்டு இடங்களில் படியெடுத்து வைப்பது. கருவி அனுமதித்தால், சுருக்கப்படாத மூலக் கோப்பாகிய ‘ரா’ வடிவில் எடுத்தல் சிறப்பு. ஒளிச்செறிவின் விவரங்கள் அதில் மிகுதி. இனிச் செய்யும் திருத்தமெல்லாம் படியின்மேல் நிகழ வேண்டுமேயன்றி மூலத்தின்மேல் அன்று.

தகும் திருத்தங்கள் எவை? சாய்ந்த அடிவானத்தை நேராக்கலாம். வேண்டாத நீர்ப்பரப்பை வெட்டிவிட்டுத் துடுப்பைப் பெரிதாக்கலாம். நீலம் பாய்ந்த நிறத்தைச் சமன் செய்யலாம். கரிய துடுப்பில் மறைந்துள்ள விவரம் புலப்பட, நிழல் பகுதியைச் சற்று வெளிச்சமாக்கலாம். கண்ணைப் பறிக்கும் நீரின் பளபளப்பைத் தணிக்கலாம். இவை யாவும் படத்தில் ஏற்கெனவே உள்ளதைத் தெளிவாகக் காட்டுபவை; இல்லாததைச் சேர்ப்பவை அல்ல.

தகாதவை எவை? துடுப்பின் ஓரத்தில் தெறித்த நீர்த்துளியை அழித்தல் கூடாது. துளிக்குப் பின்னால் வெட்டு இருக்கிறதா இல்லையா என்பதை அழிப்பவர் அறியார். அழிக்கும் நிரலும் அறியாது. துளி வெட்டைப்போல் தோன்றினால், அடுத்தடுத்த படங்களோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். துளி இடம் மாறும், வெட்டு மாறாது. தொடர்ந்து பல படம் எடுப்பதன் பயன் இங்கே தெரியும். பொரிவை நீக்கும் வசதியை அளவு மீறிச் செலுத்தினால் சிறு வெட்டுகளும் வடுக்களும் மெழுகிவிட்டாற்போல் மறைந்துவிடும். கூர்மையை அளவு மீறிக் கூட்டினாலோ, ஓரத்தில் இல்லாத கோடுகள் தோன்றும். படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போடுவதும் ஆகாது. இடப்பக்கத்து வடு வலப்பக்கத்ததாகிவிடும்.

இக்காலத்தில் இன்னோர் ஆபத்தும் சேர்ந்துள்ளது. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் பல வந்துவிட்டன. அவை உண்மையான துடுப்பை மீட்டுத் தருவதில்லை; பிற படங்களில் கற்றதைக்கொண்டு, துடுப்பு எப்படி இருக்கக்கூடும் என்று கற்பனை செய்து வரைகின்றன. அவ்வாறு வந்த படம் காண அழகாயிருக்கும்; ஆனால் அந்தத் துடுப்பை உடைய டால்பின் எந்தக் கடலிலும் இராது. துடுப்போரத்தின் வடிவை அளந்து பழைய படங்களோடு ஒப்பிடும் கணிப்பொறி நிரல்களும் உண்டு. அவை வேறு வகை. ஆயிரம் படங்களைப் புரட்டும் வேலையை அவை குறைக்கின்றன. இதுவே அது என்னும் முடிவை மனிதக் கண் சரிபார்க்க வேண்டும்.

சுவரில் மாட்டுவதற்காக ஒரு படத்தை விருப்பம்போல் அழகுபடுத்துவதை யாரும் தடுக்கவில்லை. அப்படியாயின், அழகுபடுத்திய படம் என்று குறிப்பிட்டு, மூலத்தைத் தனியே காத்து வைப்பதே முறை.

துரத்திப் பெறும் படம் வேண்டா

வாடகைப் படகில் செல்வோர், “இன்னும் கொஞ்சம் அருகே விடுங்கள் அண்ணே” என்று படகோட்டியை அவசரப்படுத்துவது உண்டு. கூட்டத்தின் குறுக்கே படகைச் செலுத்தினால், டால்பின்கள் ஆழ்ந்து மூழ்கித் திசை மாறும். தாயும் குட்டியும் பிரியவும் கூடும். ஹவாய்த் தீவுகளில் சுழல் டால்பின்கள் இரவெல்லாம் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோரம் வந்து ஓய்வெடுக்கின்றன. அவற்றின் ஓய்வு கெடுவதைக் கண்ட அமெரிக்க அரசு, 50 கஜத்துக்குள் அவற்றை நெருங்குவதை 2021-இல் தடை செய்தது. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் டால்பின்களைக் காக்கிறது. படகு கூட்டத்துக்கு இணையாக, மெதுவாக, ஒரே வேகத்தில் செல்லட்டும். விருப்பமிருந்தால் அவையே அருகில் வரும். துரத்தப்பட்ட டால்பின் காட்டுவது பெரும்பாலும் வாலையே. அடையாளம் காண அது உதவாது.

பதிவேடு ஏன் வேண்டும்

1973 ஜனவரியில் தூத்துக்குடிக் கரையிலும், 2016 ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கரையிலும் பைலட் திமிங்கிலங்கள் கூட்டம் கூட்டமாக ஒதுங்கின. 2012 அக்டோபரில் நம் வடக்கு அந்தமானிலும் சுமார் 40 ஒதுங்கின. அவ்வாறு ஒதுங்கும் நாளில் நம் கையில் ஒரு துடுப்புப் பதிவேடு இருந்தால், “இவை எந்தக் கடலில் உலவியவை? முன்பு எங்கே காணப்பட்டன? அக்கூட்டத்தில் எஞ்சியவை எத்தனை?” என்று கேட்டு விடை தேட முடியும். பதிவேடு இல்லையேல் கரையில் கிடப்பவை வெறும் எண்ணிக்கையே.

கிரேட் நிக்கோபாரின் காலத்தியா விரிகுடாவில் பெரிய சரக்குத் துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. கப்பல் போக்குவரத்து மிகுந்தால் டால்பின்களுக்கு நன்மையா தீமையா என்று வாதிடுவோர், மிகுவதற்கு முன் இருந்த நிலையை அறிந்திருந்தால்தான் வாதம் வாதமாகும். முந்திய நிலையைப் பின்னர்ச் சென்று படம் பிடிக்க இயலாது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. குமரன் சதாசிவம் 2004-இல் எழுதிய ‘மெரைன் மேமல்ஸ் ஆஃப் இந்தியா’ என்னும் நூல் இனங்களைப் பிரித்தறிய உதவும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும், இந்திய விலங்கியல் அளவாய்வின் மண்டல நிலையமும் நம் நகரிலேயே உள்ளன. தீவுகளுக்கிடையே அடிக்கடி பயணம் செய்யும் மாணவர் நம்முள் பலர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நாலைந்து துடுப்புகளையேனும் நாள், இடம், நேரத்தோடு, ஓரம் திருத்தாமல் சேர்த்து வைத்தால், நம் மன்றத்தின் அலமாரியிலேயே ஒரு பதிவேடு தொடங்கிவிடலாம். இந்த ஆண்டு பதியும் ஒரு வெட்டை, பத்தாண்டு கழித்து இங்கு பயிலும் மாணவர் ஒருவர் வேறொரு துறையில் கண்டு, “இது நமக்குத் தெரிந்த டால்பின்” என்று சொல்லக்கூடும். அதற்கு நாம் செய்ய வேண்டுவது, கண்டதைக் கண்டபடியே காத்து வைத்தல்.